தொண்டு செய்ய வார்த்தைப்பாடு எதற்கு?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அக்கா மகள் சமூகப்பணியில் முதுகலை முடித்திருக்கிறாள், வயது இருபத்து நான்கு, ஏழைகளுக்காக உழைக்க வேண்டும் என்பதற்காகவே கன்னியாஸ்திரி ஆகப் போகிறேன் என்கிறாள். அந்த வேலையை ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தே செய்யலாமே, அதற்குக் கல்யாணம், சம்பளம், சொத்து எல்லாவற்றையும் ஏன் விட வேண்டும், பிடிக்காமல் போனால் திரும்பி வர வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் அடியில் இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது. தான் எதற்குள் போகிறோம் என்பது அவளுக்கே தெரியுமா என்ற பயம் அது. அந்தப் பயம் நியாயமானது. நீங்கள் கத்தோலிக்கரா என்று சொல்லவில்லை என்பதால் சில சொற்களை விளக்கிக்கொண்டே போகிறேன்.

நான் துறவி அல்ல, குடும்பஸ்தன். நவகன்னியர் இல்லங்களில், அதாவது சபையில் சேர்ந்து முதல் கட்டப் பயிற்சியில் இருக்கும் பெண்களுக்கு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் திருச்சபை வரலாறும் திருச்சபைச் சட்டமும் கற்பித்து வருகிறேன். ஆகவே சட்டம் என்ன சொல்கிறது, இந்த வாழ்க்கைமுறை எப்படி உருவானது என்பதையெல்லாம் தயக்கமின்றிச் சொல்ல முடியும். மடத்துக்குள் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தால் மனது என்ன ஆகும் என்பது நான் பிறரிடம் கேட்டறிந்தது மட்டுமே. உங்கள் அக்கா மகளுக்கு அழைத்தல், அதாவது துறவுக்குக் கடவுள் கூப்பிடும் உள்ளுணர்வு, இருக்கிறதா இல்லையா என்பதை இங்கே உட்கார்ந்துகொண்டு நான் தீர்மானிக்க முடியாது.

நேரடியான பதில் இது: தொண்டு செய்வதற்கு வார்த்தைப்பாடு தேவையே இல்லை. அவள் சொல்லும் காரணம் அது ஒன்றுதான் என்றால், சேர வேண்டாம் என்றே நானும் சொல்வேன். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகிய மூன்றையும் கடைப்பிடிப்பதாகக் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்குதான் வார்த்தைப்பாடு. சபைத் தலைவி முன்னிலையில் கொடுத்தாலும் அது அவருக்குக் கொடுத்த வாக்கு ஆகாது. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 663-ஆம் எண், இறைவனைத் தியானிப்பதும் செபத்தில் அவரோடு ஒன்றித்திருப்பதுமே துறவியரின் முதன்மையான கடமை என்கிறது. பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ அந்த முதல் இடத்தில் வரவில்லை. வகுப்பில் இதை வாசிக்கும்போது சிலருடைய முகம் மாறுவதைக் கவனித்திருக்கிறேன். செவிலியர் படிப்பை முடித்துவிட்டு வந்த ஒரு பெண், "அப்படியென்றால் நான் இடம் மாறி வந்துவிட்டேனா?" என்று எழுந்து நின்றே கேட்டுவிட்டாள். சில மாதங்களில் வீட்டுக்குத் திரும்பினாள். இப்போதும் நோயாளிகளைத்தான் கவனித்துக்கொள்கிறாள், மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறாள். அவள் போனதைத் தோல்வி என்று அந்த மடத்தில் ஒருவரும் பேசவில்லை.

இதோடு நிறுத்தினால் பாதி உண்மையைத்தான் சொன்னவன் ஆவேன். அதே சட்டத் தொகுப்பின் 675-ஆம் எண், திருத்தூதுப் பணிக்காக, அதாவது வெளியே சென்று மக்களுக்குச் செய்யும் பணிக்காக, ஏற்பட்ட சபைகளில் அந்தப் பணி அவற்றின் இயல்பிலேயே அடங்கியது என்கிறது. தமிழில் நாம் எல்லாரையும் கன்னியாஸ்திரி என்று ஒரே பெயரால் அழைத்துவிடுகிறோம். உண்மையில் இவர்கள் இரண்டு வகை. கார்மேல், கிளாரா மடங்களைப் போல மதிலுக்குள்ளேயே இருந்து செபிப்பவர்கள் ஒரு வகை. பள்ளி, மருத்துவமனை, சேரி, சிறை என்று வெளியே போய்ப் பணி செய்பவர்கள் மற்றொரு வகை. உங்கள் அக்கா மகள் சேரப்போவது இரண்டாம் வகையில் என்றுதான் கடிதத்திலிருந்து தெரிகிறது. அந்த இரண்டாம் வகை உருவான கதை தெரிந்தால், தொண்டுக்கும் வார்த்தைப்பாட்டுக்கும் என்ன உறவு என்பது தானாகவே விளங்கும்.

1298-இல் திருத்தந்தை (போப்) எட்டாம் போனிபாஸ், வார்த்தைப்பாடு கொடுத்த பெண்கள் எல்லாரும் மதிலுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று ஆணையிட்டார். 1563-இல் திரிதெந்தின் சங்கம் என்ற ஆயர்களின் (பிஷப்புகளின்) பொதுச்சங்கம் அதை உறுதி செய்தது. மூன்றே ஆண்டுகளில் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் இன்னும் இறுக்கினார். துறவியாக இருந்தால் தெருவில் இறங்கக் கூடாது, தெருவில் இறங்கினால் துறவி என்ற பெயர் கிடையாது என்பதே அன்றைய நிலை. 1633-இல் பாரிசில் வின்சென்ட் தெ பவுலும் விதவையான லூயிஸ் தெ மரியாக்கும் பிறரன்புப் புதல்வியர் என்ற அமைப்பைத் தொடங்கியபோது எதிரே நின்ற சிக்கல் அதுதான். நோயாளியின் வீட்டுக்கு நடந்து போக வேண்டிய பெண்களை மதிலுக்குள் அடைத்தால் வேலை எப்படி நடக்கும்? எனவே வின்சென்ட், நீங்கள் துறவிகளே அல்ல என்று அந்தப் பெண்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். நோயாளியின் வீடுதான் உங்கள் மடம், வாடகை அறைதான் உங்கள் சிற்றறை, ஊர்த் தெருதான் உங்கள் மதில் என்றார். வார்த்தைப்பாட்டையும் ஓராண்டுக்கு மட்டும் கொடுக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். இன்றுவரை அந்தச் சகோதரிகள் ஒவ்வோர் ஆண்டும் மங்கள வார்த்தைத் திருநாளில், அதாவது மரியாவுக்கு வானதூதர் செய்தி சொன்னதை நினைவுகூரும் நாளில், அதைப் புதுப்பிக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் படாமல் தெருவில் நடப்பதற்காகக் கண்டுபிடித்த வழி, நான்கு நூற்றாண்டாக ஓர் ஆன்மிக மரபாக நிலைத்திருக்கிறது. இந்த இடத்தைக் கற்பிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும்.

எல்லாரும் வின்சென்ட் அளவுக்குச் சாமர்த்தியமாகத் தப்பவில்லை. இங்கிலாந்துக்காரரான மேரி வார்டு, ஆண்களின் இயேசு சபையைப் போலவே மதில் இல்லாத, ஆயர்களின் நேரடி ஆட்சிக்கு உட்படாத பெண்கள் சபை ஒன்றை அமைக்க முயன்றார். 1631-இல் அவருடைய அமைப்பு கலைக்கப்பட்டது. அவரை மியூனிக் நகரில் ஒரு கிளாரா மடத்தில் சிறை வைத்தார்கள். அங்கிருந்து எலுமிச்சைச் சாற்றால் கடிதம் எழுதித் தோழிகளுக்கு அனுப்பினார். தாளைச் சூடாக்கினால்தான் எழுத்து தெரியும். அவரை நிறுவனர் என்று அழைக்க 1909 வரை அனுமதி கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் ஒரு சகோதரிகள் சபையை நிறுவிய மேரி மக்கிலொப்பை 1871-இல் அவருடைய ஆயரே திருச்சபையிலிருந்து விலக்கி வைத்தார். மறு ஆண்டே அந்தத் தண்டனை நீக்கப்பட்டது. 2010-இல் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். வெளியே சென்று உழைக்கும் சகோதரிகளை முழுமையான துறவியர் என்று ரோமை சட்டப்படி ஏற்றுக்கொண்டது 1900-இல், திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் காலத்தில்தான். பள்ளியில் பாடம் எடுக்கும் அருட்சகோதரி ஆதிகாலத்திலிருந்தே இருப்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த உருவத்துக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்து நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் சொச்சம்தான் ஆகிறது.

வின்சென்ட் சொன்ன இன்னொன்று உங்கள் கேள்விக்கு மிக அருகில் வருகிறது. செபத்தில் இருக்கும்போது ஏழை ஒருவர் கூப்பிட்டால் எழுந்து போய்விடுங்கள், கடவுளுக்காகவே கடவுளை விட்டுப் போகிறீர்கள் என்றார். இதைத் தொண்டுதான் முக்கியம், செபம் பிறகு என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. எழுந்து போவதற்கு முதலில் செபத்தில் உட்கார்ந்திருக்க வேண்டுமே. அந்தப் பெண்கள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து தியானித்துவிட்டுத்தான் பசித்தவர்களுக்குக் கஞ்சிப் பானை சுமந்து போனார்கள். எல்லாம் இழந்த மனிதரின் முகத்தில் கிறிஸ்துவைக் காண்பது என்பது மத்தேயு நற்செய்தி 25-ஆம் அதிகாரத்திலிருந்து வரும் நம்பிக்கை. நாற்றமடிக்கும் புண்ணைப் பத்தாயிரமாவது முறை கழுவும்போது அந்தக் காட்சி தானாக வருவதில்லை, தினமும் காலையில் அதற்குப் பழக வேண்டியிருக்கிறது என்று ஒரு மூத்த சகோதரி என்னிடம் சொன்னார். நம்பிக்கையே இல்லாமல் அதே புண்ணை அதே கனிவோடு கழுவுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே வார்த்தைப்பாடு தொண்டின் தரத்தை உயர்த்தும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதை யாரும் அளந்து நிரூபித்ததில்லை.

இனிச் சமூக அக்கறை. உங்கள் அக்கா மகள் வெறும் இரக்கப் பணியோடு நிற்க மாட்டாள் என்று ஊகிக்கிறேன். அவள் படித்த படிப்பு அப்படி. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், துறவற சபைகள் தங்கள் நிறுவனரின் தொடக்க ஊக்கத்துக்குத் திரும்ப வேண்டும், காலத்துக்கேற்பத் தங்களைப் புதுப்பித்துக்கொள்ளவும் வேண்டும் என்றது. 1971-இல் உலக ஆயர் மாமன்றம், நீதிக்காகச் செயல்படுவது நற்செய்தி அறிவிப்பின் உள்ளார்ந்த கூறு என்று எழுதிவைத்தது. பசித்தவருக்குச் சோறு போட்ட பிறகு, அவர் ஏன் பசியோடு இருக்கிறார் என்றும் கேட்கலாம் என்பதற்கு இவை துணிவு கொடுத்தன. அந்தக் கேள்விக்கு விலையும் இருந்தது. மத்தியப் பிரதேசத்தில் கந்துவட்டிக்கு எதிராகக் கூலித் தொழிலாளர்களை அணிதிரட்டிய அருட்சகோதரி ராணி மரியா 1995 பிப்ரவரியில் பஸ்ஸிலிருந்து இழுக்கப்பட்டுக் குத்திக் கொல்லப்பட்டார். பிரேசிலின் அமேசான் காட்டில் சிறு விவசாயிகளின் நிலத்துக்காக நின்ற அருட்சகோதரி டோரத்தி ஸ்டாங், தமது 73-ஆம் வயதில், 2005 பிப்ரவரியில் கூலிப்படையால் சுடப்பட்டார். ராணி மரியாவின் உடன்பிறந்த சகோதரி, அவரும் ஒரு துறவிதான், கொலையாளியைச் சிறைக்கே போய்ச் சந்தித்து ராக்கி கட்டினார். இது எந்தக் கொள்கை ஆவணத்திலிருந்தும் வந்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

உயிரைக் கேட்காத, அவ்வளவாக வெளியே தெரியாத வேலைகளும் நடக்கின்றன. ஆள்கடத்தலுக்கு எதிராக 2009-இல் பெண் துறவியர் தொடங்கிய தலித்தா கும் என்ற வலையமைப்பு இன்று 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்குகிறது. இறந்து கிடந்த சிறுமியை இயேசு எழுப்பிய அரமேயச் சொற்களே அதன் பெயர். ஒரு நாட்டில் கடத்தப்பட்ட பெண் வேறொரு நாட்டில் மீட்கப்பட்டால், இரண்டு இடத்திலும் கதவைத் தட்டுவதற்கு ஒரு மடம் இருக்கிறது என்பதே அதன் பலம். அமெரிக்காவில் சில சபைகள் பெரிய நிறுவனங்களில் கொஞ்சம் பங்குகளை வாங்கிவைத்துக்கொண்டு, ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போய்த் துப்பாக்கி விற்பனையைப் பற்றியும் சுற்றுச்சூழலைப் பற்றியும் சங்கடமான கேள்விகளைக் கேட்கின்றன. எழுபது வயதுச் சகோதரி ஒருவர் மைக்கைப் பிடித்தால் எந்த இயக்குநர் குழுவும் அவரை எளிதில் உட்காரச் சொல்லிவிட முடியாது.

இதில் வார்த்தைப்பாடு எங்கே வருகிறது என்றால், கீழ்ப்படிதலில் வருகிறது. எல்லாரும் கற்பைப் பற்றியே கேட்கிறார்கள். வகுப்பில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒருவரை உருவாக்குவதும் உடைப்பதும் கீழ்ப்படிதல்தான். "அடுத்த மாதம் இன்ன இடத்துக்குப் போ" என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப ஒருவர் இருப்பதால்தான் ஒரு சபையால் போர் நடக்கும் இடத்திலும் கொள்ளைநோய் பரவும் இடத்திலும் பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்க முடிகிறது. அதே சொல்லுக்காக, மனதுக்குப் பிடித்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அலுவலகக் கணக்கு எழுத உட்கார வேண்டியும் வரும். சமூகப்பணி முதுகலைக்குச் சமையலறைப் பொறுப்பும் வரலாம். அன்னை தெரேசா 1946-இலேயே ஏழைகளோடு வாழ வேண்டும் என்ற அழைப்பை உணர்ந்தார். தாம் அதுவரை இருந்த லொரேட்டோ மடத்தை விட்டு வெளியே காலெடுத்து வைக்க 1948 வரை அனுமதிக்காகக் காத்திருந்தார். அந்த லொரேட்டோ சபை, எலுமிச்சைச் சாற்றில் கடிதம் எழுதிய மேரி வார்டின் வழிவந்தது என்பதை மாணவியருக்குச் சொல்லாமல் விடமாட்டேன்.

இந்தக் கீழ்ப்படிதல் கெட்டுப்போகும்போது என்ன நடக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அயர்லாந்தில் மக்தலேன் சலவைக்கூடங்களைக் கன்னியர் சபைகளே நடத்தின. ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே கூலியின்றி உழைத்தார்கள். கடைசிக் கூடம் மூடப்பட்டது 1996-இல். 2013-இல் அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். சகோதரிகளே பாதிக்கப்பட்டதும் உண்டு. குருக்களும் ஆயர்களும் பெண் துறவியரைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியிருக்கிறார்கள் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019 பிப்ரவரியில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதற்கு முந்தைய ஆண்டு, வத்திக்கான் நாளிதழின் பெண்கள் இணைப்பே, குருக்களின் வீடுகளில் சகோதரிகள் சம்பளமில்லாப் பணிப்பெண்களாக நடத்தப்படுவதைக் கட்டுரையாக வெளியிட்டது. எனவே உங்கள் அக்கா மகள் சேர விரும்பும் சபையில் தலைவிகள் குறித்த காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்களா, ஒருத்தி புகார் சொல்ல வேண்டுமானால் யாரிடம் போவாள், ஒப்புரவுக்கு, அதாவது பாவமன்னிப்புக்கு, விரும்பிய குருவிடம் போகலாமா என்று கேட்கச் சொல்லுங்கள். சட்டப்படி இவையெல்லாம் உண்டு. கேட்டதும் முகம் சுளிக்கிற மடமா, உட்கார வைத்துப் பதில் சொல்கிற மடமா என்பதைத்தான் அவள் பார்க்க வேண்டும்.

சம்பளம், சொத்து, திரும்பும் வழி பற்றிச் சட்டம் தெளிவாக இருக்கிறது. உழைத்துச் சம்பாதிப்பது சபையைச் சேரும், ஓய்வூதியமும் பொதுவாக அப்படியே. ஆனால் சேர்ந்ததும் குடும்பச் சொத்தில் அவளுடைய பங்கு மடத்துக்குப் போய்விடும் என்பது தவறான எண்ணம். வெளிப்பணிச் சபைகளில் உரிமை பொதுவாக அவள் பெயரிலேயே இருக்கும். முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் அதன் நிர்வாகத்தைத் தான் விரும்பும் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு, அதாவது வாழ்நாள் முழுவதற்குமான வாக்குக்கு, முன் உயில் எழுத வேண்டும். அந்த உயிலில் யார் பெயரை எழுதுவது என்பது அவள் விருப்பம். நவகன்னியர் பயிற்சி குறைந்தது பன்னிரண்டு மாதங்கள். பிறகு மூன்று முதல் ஆறு ஆண்டுகளுக்குத் தற்காலிக வார்த்தைப்பாடு, தேவைப்பட்டால் ஒன்பது வரை நீட்டலாம். அதன் பின்தான் நித்திய வார்த்தைப்பாடு. தற்காலிகக் காலம் முடிந்ததும் யாரிடமும் கெஞ்சாமல் வெளியேறலாம். நித்திய வார்த்தைப்பாட்டுக்குப் பிறகும் ரோமையின் அல்லது ஆயரின் அனுமதியோடு வெளியேற வழி உண்டு. வலிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. வெளியேறுகிறவர், தாம் செய்த வேலைக்கு ஈடு எதையும் உரிமையாகக் கேட்க முடியாது. சபை நியாயத்தோடும் அன்போடும் நடந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் 702-ஆம் எண் சொல்கிறது. அந்த அன்பின் அளவு சபைக்குச் சபை வேறுபடுகிறது. இருபது ஆண்டு உழைத்துவிட்டு ஒரு சிறு தொகையோடு பஸ் ஏறியவரையும், வேலை கிடைக்கும்வரை சபையே வீட்டு வாடகை கட்டிய ஒருவரையும் எனக்குத் தெரியும். இந்தக் கேள்வியையும் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

1970 வாக்கில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 10 லட்சம் பெண் துறவியர் இருந்தார்கள். 2022 முடிவில் 6 லட்சத்துக்கும் சற்றுக் கீழே வந்துவிட்டது. ஆப்பிரிக்காவில் கூடுகிறது, ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வேகமாகக் குறைகிறது. செபத்தை விட்டுச் சமூகப்பணிக்குப் போனதால்தான் இந்தச் சரிவு என்று ஒரு சாரார் அடித்துச் சொல்கிறார்கள். பெண்களுக்குப் படிப்பும் வேலையும் வேறு வழிகளில் கிடைக்கத் தொடங்கியதே காரணம் என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டாவதில் உண்மை அதிகம் என்பது என் கணிப்பு. அதைக் கணிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் இதன் விளைவு உங்கள் அக்கா மகளைத் தொடும். பல சபைகளில் இளையவர்கள் சிலர், முதியவர்கள் பலர். அவளுடைய நாற்பது வயதில் அவள் கவனிக்கப்போகும் முதல் ஏழை, தன் சபையிலேயே படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு மூத்த சகோதரியாக இருக்கலாம்.

அதனால் ஒரு யோசனை சொல்கிறேன். சேர்வதற்கு முன் அந்தச் சபையின் பள்ளியையோ மருத்துவமனையையோ காட்டுவார்கள். அது இருக்கட்டும். அவர்களுடைய முதிய சகோதரிகள் வாழும் இல்லத்தில் ஒரு வாரம் தங்க அனுமதி கேட்கச் சொல்லுங்கள். வகுப்பறையும் நோயாளியும் ஊர்வலமும் எல்லாம் முடிந்துபோன பெண்கள் அங்கே இருப்பார்கள். சிலர் கசந்துபோயிருப்பார்கள். சிலர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே திருப்புகழ்மாலை சொல்லிக்கொண்டு, யாரோ ஒரு பழைய மாணவியின் கடிதத்துக்கு நடுங்கும் கையால் பதில் எழுதிக்கொண்டிருப்பார்கள். பணி இல்லாத அந்த வாழ்க்கையைப் பார்த்துவிட்டு வந்து அவள் உங்களிடம் என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள். அதன் பிறகும் போகிறேன் என்றால், நானாக இருந்தால் தடுக்க மாட்டேன்.